பெட்டிக்கு மீசை முளைத்த கதை

போன வாரம் உங்கள் பெட்டிக் கம்பெனியின் சோதனை அறையைச் சுற்றிப் பார்க்கக் கூப்பிட்டிருந்தீர்கள். மேசையில் ஒரு கருவி. பெட்டியை அதன் கீழே வைத்தால், மேற்பரப்பு எவ்வளவு வழவழப்பு என்று திரையில் எண் வருகிறது. விளக்கிக் காட்டிய பெண், "உங்க காலத்துல இதுக்கு என்ன சார் வச்சிருந்தீங்க?" என்று கேட்டார். என் வலது கன்னத்தைத் தட்டிக் காட்டினேன். மரியாதைக்குச் சிரித்துவிட்டு அடுத்த கருவிக்குப் போய்விட்டார். ஜோக் என்று நினைத்திருப்பார். நான் ஜோக் அடிக்கிற ஆள்தான். ஆனால் அது ஜோக் இல்லை.

சூடாகக் காய்ந்து வரும் அட்டைகளையும் பெட்டிகளையும் எடுத்து எடுத்து எங்கள் உள்ளங்கையெல்லாம் காய்த்துப் போயிருக்கும். அந்தக் கையால் தடவினால் உப்புத்தாளும் பட்டுத்துணியும் ஒன்றுதான். உடம்பில் வேலைக்கு அதிகம் அகப்படாத தோல் கன்னம். அதனால் பெட்டியை எடுத்துக் கன்னத்தில் ஒரு இழுப்பு. உறுத்தினால் கழிவு, உறுத்தாவிட்டால் அனுப்பு. அம்பத்தூரில் எங்கள் தொழிற்சாலையில் தரம் பார்த்தவர்கள் எல்லோருக்கும் அதுதான் பழக்கம். புதிதாக வந்தவர்கள் எங்களைப் பார்த்து, பெட்டியைக் கொஞ்சுகிறோம் என்று நினைப்பார்கள்.

அந்தக் கன்னம் ஒரு முறை ஒரு இயந்திரத்தையே விற்க வைக்கப் பார்த்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நாங்கள் பல வருடம் முட்டை அட்டைதான் போட்டுக்கொண்டிருந்தோம். பழைய காகிதத்தைக் கூழாக்கி, வலை போர்த்திய அச்சை அதில் முக்கி, தண்ணீரை உறிஞ்சி எடுத்தால் வலைமேல் அட்டை நிற்கும். காயவைத்தால் வேலை முடிந்தது. கன்னத்துக்குப் பேருக்குத்தான் வேலை; முட்டை எந்தக் காலத்திலும் மேற்பரப்பைப் பற்றிக் குறை சொன்னதில்லை. நானும் நிம்மதியாக இருந்தேன்.

பிறகு பெரிய முதலாளியின் மகன் பொறுப்புக்கு வந்தார். சின்ன முதலாளிக்கு முட்டை பிடிக்கவில்லை. கரும்புச் சக்கைக் கூழில் அழகான பரிசுப் பெட்டி செய்ய வேண்டும் என்றார். கோயம்புத்தூரிலிருந்து பழைய ஹாட் பிரஸ் ஒன்றை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஈரமான பெட்டியை அதில் வைத்து அழுத்தினால், சட்டைக்கு இஸ்திரி போட்டதுபோல வழவழவென்று வரும். வர வேண்டும்.

அந்த பிரஸ்ஸை ஓட்ட வந்தவர் தேவகி. வெள்ளானூர்க்காரர். உடுப்பு தைத்து ஏற்றுமதி செய்கிற கம்பெனியில் நிரந்தர வேலையில் இருந்தவர், "மெஷின் முழுக்க உங்க பொறுப்பு" என்று சின்ன முதலாளி சொன்ன ஒரு வாக்கியத்தை நம்பி அதை விட்டுவிட்டு வந்திருந்தார். முதல் நாளே பிரஸ்ஸைத் துடைத்து, மஞ்சள் பொட்டு வைத்து, என்னிடம் திரும்பி, "சார், இத்த யாரும் தொடக் கூடாது. நீங்க உட்பட" என்றார். எனக்கு அது கொஞ்சம் சுருக்கென்று இருந்தது. நான் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி. எனக்குத் தனி நாற்காலி உண்டு. அதற்கு ஒரு கால் கிடையாது, ஆனாலும் தனி நாற்காலி.

எங்களுக்கு மேலே மேனேஜர். பெயர் சொல்ல மாட்டேன், சொன்னால் போன் பண்ணித் திட்டுவார். ஆவடி குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர்தான். அப்பா பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலைக்குத் திருநெல்வேலியிலிருந்து வந்தவர் என்பதால், கோபம் வந்தால் மட்டும் மேனேஜரிடமிருந்து திருநெல்வேலி வெளியே வரும். என்னைவிட ஒரு வயது பெரியவர். அந்த ஒரு வயதை வைத்துக்கொண்டே என்னைக் கடைசிவரை மேய்த்தார்.

முதல் வாடிக்கையாளர் காதர் பாய். பூந்தமல்லியில் அத்தர் வியாபாரம். கண்ணாடிக் குப்பிகளை வைத்துக் கொடுக்கச் சதுரமான பெட்டி வேண்டும், மூடிமேல் தங்க நிறத்தில் கடைப் பெயர் அச்சாக வேண்டும் என்றார். "நம்ம சரக்கு எண்ணெய் தம்பி. பெட்டிலேர்ந்து ஒரு நார் உதுந்தாலும் குப்பில ஒட்டிக்கும். வாங்குறவன் முடின்னு நெனப்பான்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

முதல் மாதிரி திரும்பி வந்தது. மூடிமேல் வலையின் தடம் கொசுவலைக் கட்டம்போல் பதிந்திருந்தது. அது நியாயமான குறை. இன்னும் மெல்லிய வலை வாங்கி அச்சுக்குப் போர்த்தினோம், தடம் மறைந்தது. நான் செய்த ஒரே உருப்படியான வேலை அத்தோடு முடிந்தது. அடுத்ததாக ஒரு காரியம் செய்தேன். திருவேற்காட்டுக்குப் போய், பாய் ஆர்டரை ஓகே பண்ணும்வரை முகத்தில் ரேசர் வைக்க மாட்டேன் என்று அம்மனிடம் வேண்டிக்கொண்டேன். மொட்டை போடுவதாக வேண்டியிருக்கலாம். அதற்கு வேண்டிய சரக்கு என் தலையில் அப்போதே இல்லை.

சிலருக்குத் தாடி பட்டுப்போல வளரும். எனக்குத் தென்னந்துடைப்பம்.

இரண்டாவது மாதிரியும் திரும்பி வந்தது. இந்த முறை வலைத் தடம் இல்லை. மூடியின் வெளிப்பக்கம் ஓர் ஓரத்தில் மட்டும் நார் கிளம்பி நின்றது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பூனைக்குட்டி முதுகு. எங்கள் ஆட்கள் அதற்கு 'மீசை' என்று பெயர் வைத்தார்கள். மீசைமேல் தங்க எழுத்து நிற்கவில்லை, பிய்ந்து பிய்ந்து வந்தது.

இந்த இடத்தில் நீங்கள் கண்டுபிடித்திருப்பீர்கள். உங்களுக்கு நான் தொடக்கத்திலேயே கன்னத்தைக் காட்டிவிட்டேன். எங்களுக்கு யாரும் காட்டவில்லை.

நான் பிரஸ்மேல் பாய்ந்தேன். சூடு போதவில்லை என்று ஏற்றினேன். அழுத்தம் போதவில்லை என்று கூட்டினேன். கூழை இன்னும் நைய அரைக்கச் சொன்னேன். எல்லாவற்றையும் ஒரே நாளில். மூடிகள் முறுகலான தோசை நிறத்தில் வந்தன. மீசை மட்டும் அப்படியே இருந்தது. மேனேஜர் ஒரு மூடியை எடுத்து மோந்து பார்த்தார்.

"என்னலே இது, பெட்டியா பொரிச்ச அப்பளமா?"

"சார், எல்லாத்தையும் ஒரு ரவுண்டு மாத்திப் பாத்தேன்..."

"எல்லாத்தையும் மாத்தினா எது சரியாச்சுன்னு உனக்கு எப்படிலே தெரியும்? ஒண்ணை மாத்து. பாரு. அப்புறம் அடுத்தது. அவசரம்னா இன்னும் மெதுவா மாத்து."

இந்தக் கடைசி வாக்கியத்தை நீங்கள் எழுதி மாட்டிக்கொள்ளலாம். நான் அன்றைக்கு அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஏனென்றால் சின்ன முதலாளி அதற்குள் வந்து, வெள்ளிக்கிழமை பாய் நேரிலேயே வருகிறார், அவர் பார்த்து வேண்டாம் என்றால் பிரஸ்ஸைத் திருப்பி விற்றுவிடலாம், கோயம்புத்தூரில் ஆள் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று சொல்லிவிட்டுப் போனார். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. அமைதியாகச் சொன்னார்.

தேவகி பிரஸ்ஸைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "பிரஸ்ஸு பூட்ச்சினா நான் இன்னா சார் பண்றது?"

"முட்டை அட்டை காயவைக்கிற எடத்துல..."

"அந்த வேலைக்கா நான் பர்மனென்ட்ட உட்டுட்டு வந்தேன்? ஊட்ல எத்தினி பேச்சு வாங்கிகினு வந்தேன் தெரியுமா?"

பதில் தெரியாதபோது நான் பொதுவாக ஒரு ஜோக் சொல்வேன். அன்றைக்கு பிரஸ்ஸைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன்.

பிரஸ் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது என் முடிவு. அதனால்தான் ஓர் ஓரத்தில் மட்டும் அழுத்தம் குறைந்து மீசை வருகிறது என்றேன். "என் பிரஸ்ஸு நேராத்தான் கீது" என்றார் தேவகி. நிரூபிக்கிறேன் பார் என்று, ஒவ்வொரு மூடியையும் பிரஸ்ஸில் வைக்கும்போது கதவுப் பக்கம் பார்த்து உள்ளே ஒரு பென்சில் அம்பு போடச் சொன்னேன். பிரஸ் சாய்ந்திருந்தால் மீசை எல்லா மூடியிலும் அம்புக்கு ஒரே பக்கத்தில் வர வேண்டும். என் வாழ்க்கையில் நான் யோசித்த நல்ல சோதனைகளில் அது ஒன்று. நானே மாட்டிக்கொள்ளும்படி நானே வைத்தது.

வெள்ளிக்கிழமை காலை. பாய் வந்து ஆபீஸ் அறையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். என் மேசைமேல் அம்பு போட்ட மூடிகள் அடுக்காக. ஒவ்வொன்றையும் நானே என் கன்னத்தால் பார்த்து வைத்திருந்தேன். மேனேஜர் அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றில் மீசை அம்புக்கு இடப்பக்கம். அடுத்ததில் வலம். அதற்கடுத்ததில் நேர் எதிரே.

"பிரஸ் சாயலைடே" என்றார். "வேற என்னவோ சாஞ்சிருக்கு."

பிரஸ் பக்கத்தில் இன்னொரு மூடி கிடந்தது. தேவகி தன் ஹேர்பின்னையும் பஸ் பாஸையும் அதில் போட்டு வைத்திருந்தார். மேனேஜர் அவற்றைக் கொட்டிவிட்டு மூடியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். நிறம் கொஞ்சம் முறுகல்தான். ஆனால் மேற்பரப்பு கண்ணாடி. மீசை இல்லை.

"இது எப்போ போட்டது?"

"அதுங்களோட சேத்து போட்டதுதான் சார்."

"இவன் டேபிளுக்குப் போச்சா?"

"இல்ல சார். நேரா பிரஸ்லேர்ந்து எடுத்து வெச்சிகினேன்."

"குடுங்க, நான் பாக்குறேன்" என்று நான் அதை வாங்கினேன். தரக்கட்டுப்பாட்டு அதிகாரி என்ன செய்வான்? கன்னத்தில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தேன்.

'சர்ர்' என்று சத்தம் கேட்டது. மூன்று பேருக்குமே கேட்டது.

மூடியை வெளிச்சத்தில் சாய்த்தேன். சற்று முன் கண்ணாடியாக இருந்த ஓரத்தில், பசுமையாக, புதிதாக, ஒரு மீசை.

தேவகி தரையில் உட்கார்ந்துவிட்டார். முதலில் அழுகிறார் என்று பயந்துவிட்டேன். சிரிப்பு. தலையில் கை வைத்துக்கொண்டு, மூச்சு வாங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "ஐயோ சார்... அம்மனாண்ட நல்லா வேண்டிக்கினீங்க சார்..."

உள்ளபடி பார்த்தால் அதில் ஓர் அழகான முடிச்சு இருந்தது. ஆர்டர் ஓகே ஆகும்வரை சவரம் கிடையாது. சவரம் ஆகும்வரை ஆர்டர் ஓகே ஆகாது. அம்மன் என் வேண்டுதலைக் கேட்டதும் சிரித்திருப்பாள்.

மேனேஜர் சிரிக்கவில்லை. "மெஷின்ல இனி யாரும் கை வைக்காதீங்க" என்றார். என் பக்கம் திரும்பி, "நீ மூஞ்சிய வைக்காதே."

காரணம் தெரிந்துவிட்டது, ஆனால் கையில் காட்ட ஒரு நல்ல மூடி இல்லை. இருந்த கடைசி ஒன்றையும் இப்போதுதான் என் முகத்தால் உழுதிருந்தேன். நான் குழப்பி வைத்த சூட்டில் புதிதாகப் போட்டால் தோசை நிறம். பழைய அளவுக்கு பிரஸ் ஆறி வர நேரம் வேண்டும். பாய் உள்ளே டீயை முடித்துவிட்டார்.

சின்ன முதலாளி ஓடி வந்தார். விஷயத்தைக் கேட்டார். சட்டைப் பையிலிருந்து லைட்டரை எடுத்தார். "அண்ணே, சிம்பிள். நெருப்பை லேசா காட்டினா நார் எல்லாம் பொசுங்கிடும். பழைய சூட்டுல போட்டு கலர் நல்லா இருக்கிறதுல ஒண்ணு ரெண்டு தேத்தி, இப்போதைக்கு பாய்க்குக் காட்டிடலாம்."

அவர் ஒன்றும் கெட்டவர் இல்லை. பயந்தவர். லைட்டர் வேலையும் செய்யும். ஒரு மூடியில் அவரே காட்டினார், மீசை மாயமாகிவிட்டது, கை வைத்தால் வழவழ. எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. என் முட்டாள்தனம் வெளியே தெரியாமல் போய்விடும். தேவகியின் பிரஸ் தப்பிக்கும். பாயும் சந்தோஷமாக வீட்டுக்குப் போவார்.

மேனேஜரைப் பார்த்தேன். "தரம் உன் பொறுப்பு. நீதான் சொல்லணும்" என்று கையைக் கட்டிக்கொண்டார். அந்த மனிதர் எனக்குச் செய்த பெரிய உதவி அதுதான். அந்த நிமிஷம் அது உதவி மாதிரியே தெரியவில்லை.

நான் தேவகியிடம் கேட்டேன். "பழைய சூடு, பழைய அழுத்தம். மெல்லிய வலை. அதுல போட்டா நல்லா வருமா?"

"என்னியக் கேட்டா? நீங்கதான சார் டேபிள்ல உக்காந்துகினு கீறீங்க?" என்றார். பிறகு யோசித்து, "வரும்னு நெனக்கிறேன். போட்டாத்தான் தெரியும்" என்றார்.

இருவருக்கும் அதற்குமேல் தெரியாது. அந்த அளவில் தொட்டுக் கெடுக்காத மூடி ஒன்றைக்கூட நாங்கள் பார்த்ததில்லை. லைட்டரில் நிச்சயம் இருந்தது, பிரஸ்ஸில் நம்பிக்கை மட்டும்தான் இருந்தது. ஆனால் லைட்டர் காட்டிய மூடி எங்கள் பிரஸ் செய்த மூடி இல்லை. பாய் அதைப் பார்த்துச் சரி என்றால், அவர் கேட்கும் அத்தனை பெட்டிக்கும் ஆளுக்கு ஒரு லைட்டரோடு நாங்கள் வரிசையில் நிற்க வேண்டும். மாதிரி என்பது நாளைக்கும் நம்மால் செய்ய முடிகிற பொருள். அதைத்தான் காட்ட வேண்டும்.

"வேணாம்" என்றேன். "பாயை நான் பாத்துக்கறேன். தேவகி, பிரஸ்ஸைப் பழைய அளவுக்குக் கொண்டா."

ஆபீஸ் அறைக்குப் போகிற அந்தக் கொஞ்ச தூரத்தில் நான்கு பொய் தயாரித்தேன். கரண்ட், தண்ணீர் லாரி, கூழ், மாமியார். உள்ளே போனதும் பாய் என் தாடியைப் பார்த்து, "இன்னா தம்பி, வேண்டுதலா?" என்றார். நான்கும் மறந்துவிட்டது. நடந்ததைச் சொன்னேன்.

அவர் காலி டீ கிளாஸை மேசை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"அப்போ போன தடவ நான் திருப்பி அனுப்புன டப்பால இருந்தது..."

"நார்தான் பாய். முடி இல்ல. ஆனா கெளப்பிவிட்டது இதுதான்" என்று கன்னத்தைக் காட்டினேன்.

"நான் என் கடைப் பையனத் திட்டினேன் தம்பி. அவன்தான் தேச்சுட்டான்னு." தன் வெள்ளைத் தாடியை ஒரு முறை நீவிவிட்டுக்கொண்டார். வழவழவென்று படிந்தது. எனக்குப் பொறாமையாக இருந்தது. "சரி, இன்னிக்குக் காட்ட சரக்கு கீதா, இல்லியா?"

"இப்போ இல்ல. வரும்னு நம்புறோம். வரலைன்னா வரலைன்னு சொல்லிடுவேன்."

எழுந்தார். போய்விட்டார் என்றே நினைத்தேன். கதவருகில் நின்று, "ஜும்மா முடிச்சிட்டு வரேன். அதுவரைக்கும் நீ எதையும் தொடாத" என்றார்.

அவர் தொழுகை முடித்து வருவதற்குள் பிரஸ் ஆறியது. தேவகி மூடிகளைப் போட்டார். நான் சுவரோரமாக, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் வெளியே நிறுத்தப்பட்டவன் மாதிரி நின்றேன். முதல் மூடி வந்ததும் என் கன்னம் தானாக முன்னே நகர்ந்தது. "சார்!" என்று ஒரு அதட்டல். நகர்ந்த கன்னம் திரும்பியது.

பாய் வந்தார். தேவகி மூடியின் விளிம்பை மட்டும் பிடித்து நீட்டினார். அவர் கன்னத்தில் வைக்கவில்லை, விரலாலும் தடவவில்லை. பையிலிருந்து கண்ணாடி துடைக்கிற கறுப்புத் துணியை எடுத்து, மூடிமேல் ஓரம் ஓரமாக அழுத்தித் துடைத்தார். பிறகு துணியை வெயிலில் விரித்துப் பார்த்தார்.

கறுப்பில் வெள்ளையாக ஒரு நார் இருந்தாலும் பளிச்சென்று தெரியும். இத்தனை வருடம் இந்தத் தொழிலில் இருந்து எனக்குத் தோன்றாத சோதனை. நாங்கள் எல்லோரும் அந்தத் துணியை எக்ஸ்ரே பார்க்கிற டாக்டர்கள்போலப் பார்த்துக்கொண்டிருந்தோம். தேவகி மட்டும் பார்க்கவில்லை. பிரஸ்மேல் ஒரு கை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

துணி முழுக் கறுப்பாகவே இருந்தது. பாய் இன்னொரு மூடி கேட்டார். இன்னொன்று. துணியை உதறி மடித்துத் தேவகியிடம் கொடுத்தார்.

"இத்த நீயே வச்சிக்கம்மா. இனிமே எனக்கு வர்ற டப்பாவ நீ பாத்து அனுப்பு. வேற யாரும் தொடக் கூடாது." பிறகு என்னைப் பார்த்து, "தம்பி தப்பா நெனச்சிக்காத" என்றார்.

தப்பாக நினைக்க என்ன இருக்கிறது? ஆர்டர் கிடைத்தது, பிரஸ் கோயம்புத்தூருக்குப் போகாமல் எங்களிடமே நின்றது. நான் பழையபடி முட்டை அட்டைப் பக்கம் போனேன்.

உங்களிடம் இருக்கிற கருவியைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. அது எண் காட்டும்போது, பெட்டியைச் சந்தேகப்படுவதற்கு முன் கருவியை ஒரு முறை சந்தேகப்படுங்கள். பெட்டியைத் தொடுகிற முனை அதன்மேல் என்ன செய்கிறது என்று பாருங்கள். பார்க்கிறவர் நீங்களாக இருந்தால் உங்களையும் பாருங்கள். கூச்சமாகத்தான் இருக்கும்.

அன்று சாயங்காலமே திருவேற்காட்டுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு, அப்படியே சலூனில் உட்கார்ந்து தாடியை எடுத்தேன். மறுநாள் பவுடர் எல்லாம் போட்டுக்கொண்டு பிரஸ் பக்கம் போனேன். தரையில் மஞ்சள் பெயின்டில் புதிதாக ஒரு கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் தேவகி, ஒரு கையில் கறுப்புத் துணி, ஒரு கையில் மூடி.

"பாரு தேவகி, இப்போ மழமழன்னு இருக்கு" என்று கன்னத்தைக் காட்டினேன்.

அவர் பிரஸ்ஸை நிறுத்தவில்லை. ஒரே ஒரு முறை நிமிர்ந்து, கன்னத்தை நன்றாகவே பார்த்தார்.

"சூப்பரா கீது சார். கோட்டுக்கு அந்தாண்டயே நில்லுங்க."

நின்றேன். அங்கிருந்து பார்த்தாலும் பெட்டிகள் நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தன.